தென்னந்தோப்பை யார் பேரில் வாங்குவது? அபுதாபியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: சார், வயது 41. பட்டுக்கோட்டை பக்கம் சொந்த ஊர். 2015ல் அபுதாபி வந்தேன், இன்றுவரை அதே கம்பெனியில் ஏசி ஃபோர்மேன். மொத்தச் சம்பளம் 8,000 திர்ஹாம், பேசிக் 4,500. வருடம் ஒரு தடவை 40 நாள் லீவு. ஊரில் இருந்தபோது திறந்த பழைய சேமிப்புக் கணக்குக்குத்தான் இன்னும் பணம் அனுப்புகிறேன், கார்டு அம்மாவிடம் இருக்கிறது. அதில் 10 லட்சம் எஃப்டி. வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க வங்கியில் ஒரு படிவம் கொடுப்பார்கள், அதை வருடா வருடம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். அம்மா பேரில் (வயது 66) 18 லட்சம் எஃப்டி. தஞ்சாவூரில் என் பேரில் ஒரு வீடு, வாடகை 14,000. 2027 கடைசியில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட நினைக்கிறேன். இதுவரை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ததே இல்லை, இங்கே வரி கிடையாது, அங்கே கட்ட வேண்டுமா? இப்போது ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு 30 லட்சத்துக்கு வருகிறது. என் பேரில் முடிக்கவா, மனைவி பேரிலா? தம்பி ஊரில்தானே இருக்கிறான், அவன் பேரில் முடித்துவிடு என்கிறார் அம்மா. அக்காவும் இருக்கிறார், அவருக்குக் கல்யாணமாகி திருச்சியில். கடைசியாக, லீவில் வரும்போது எவ்வளவு தங்கம் கொண்டுவரலாம்?

பதில்: முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். அபுதாபியில் நீங்கள் வேலை பார்த்து, அங்கேயே உங்கள் கணக்கில் வாங்கிய சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. அதை ஊருக்கு அனுப்புவதற்கும் வரி இல்லை, எவ்வளவு அனுப்பினாலும். வருடத்துக்கு 40 நாள் மட்டும் இந்தியாவில் தங்குகிறவர் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுவாசிதான். 120 நாள் தங்கினாலே இந்தியவாசி, 15 லட்சம் வரம்பு என்றெல்லாம் வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அது இந்தியாவிலேயே வருடம் 15 லட்சத்துக்கு மேல் வருமானம் வருகிறவர்களுக்கு. உங்கள் வாடகையையும் வட்டியையும் கூட்டினால் அதற்குப் பக்கத்தில்கூட வராது. விட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சம்பாதித்த விதத்தில் ஒரு குறையும் இல்லை, அந்தப் பணம் ஊருக்கு வந்து உட்கார்ந்திருக்கும் இடம் ஒவ்வொன்றும் தப்பு. கணக்கு தப்பு, அதில் போட்ட கையெழுத்து தப்பு, இப்போது தோப்புக்கு யோசிக்கிற பெயர்களில் இரண்டு தப்பு. என் ஆபீசுக்கு வளைகுடாவிலிருந்து வருகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான், அதனால் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழைய கணக்கிலிருந்து தொடங்குவோம். வேலைக்காக நாட்டைவிட்டுப் போன அன்றே ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாட்டுவாசி ஆகிவிட்டீர்கள். அதற்கு 182 நாள் காத்திருக்கத் தேவையில்லை, விமானம் ஏறினாலே போதும். அன்றிலிருந்து சாதாரண சேமிப்புக் கணக்கை உங்கள் பெயரில் அப்படியே ஓட்டக்கூடாது, வங்கியிடம் சொல்லி அதை என்ஆர்ஓ கணக்காக, அதாவது வெளிநாட்டுவாசியின் இந்திய வருமானத்துக்கான கணக்காக, மாற்றியிருக்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாக மாற்றவில்லை. சட்டப் புத்தகத்தில் இதற்கு அபராதம் உண்டு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்குவரை விதிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தானாகப் போய் மாற்றிக்கொண்ட ஒரு சம்பளக்காரரை யாரும் கூப்பிட்டு மூன்று மடங்கு கேட்டதை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. நீங்களாகப் போய் மாற்றுவதும் அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்பதும் ஒன்றல்ல, அவ்வளவுதான்.

அடுத்தது அந்தப் படிவம். இதுதான் எனக்கு உங்கள் கடிதத்தில் நிஜமாகவே பிடிக்காத இடம். வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் கொடுக்கிற அந்த உறுதிமொழியை இந்தியாவில் வசிப்பவர் மட்டும்தான் கொடுக்கலாம். நீங்கள் அதில் கையெழுத்துப் போடும்போது ‘நான் இந்தியவாசி’ என்று எழுதிக் கொடுக்கிறீர்கள், பாஸ்போர்ட்டில் விசா முத்திரையை வைத்துக்கொண்டு. பொய் உறுதிமொழிக்குத் தனியாகத் தண்டனைப் பிரிவே இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தப் பொய்யால் உங்களுக்குப் பத்துக் காசு லாபம் இல்லை. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வாடகை மாதம் 14,000, வருடத்துக்கு 1,68,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டமே 30 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது, கேள்வி கேட்காமல், ரசீது கேட்காமல். மீதி 1,17,600. எஃப்டி வட்டி 7 சதவீதம் என்று வைத்தால் 70,000. மொத்தம் 1,87,600. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 4 லட்சம்வரை வரியே இல்லை, அதற்கு முந்தைய வருடங்களில் இருந்த இரண்டரை லட்ச வரம்புக்கும் இது கீழேதான். ஆக, வரி சைபர். இத்தனை வருடம் தாக்கல் செய்யாததும் இந்தத் தொகையளவில் குற்றமில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. ‘12 லட்சம் வரை வரி இல்லையாமே’ என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தள்ளுபடி இந்தியவாசிகளுக்கு மட்டும். உங்களுக்கு 4 லட்சத்தோடு சரி, அதற்கு மேல் 8 லட்சம்வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 லட்சம்வரை 10 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும். நாளைக்கு இன்னொரு வீடு வாங்கி இரண்டு மாடியையும் வாடகைக்கு விட்டால் இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

சரி, வரி சைபர் என்றால் நிம்மதியாக இருக்கலாமா என்றால், அங்கேதான் டிடிஎஸ், அதாவது பணம் கைக்கு வருமுன்பே பிடிக்கிற வரி, வருகிறது. கணக்கை என்ஆர்ஓவாக மாற்றியதும் வங்கி உங்கள் வட்டியில் 31.2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். 70,000 வட்டிக்கு 21,840 போய்விடும். கேட்டால் கோபம்தான் வரும், ஆனால் அது போன பணமில்லை, கணக்கு தாக்கல் செய்தால் முழுசாகத் திரும்பிவரும். வாடகையிலும் சட்டப்படி குடியிருப்பவர் இதே 31.2 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் வாடகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் விதி அதுதான். தஞ்சாவூரில் எந்தக் குடித்தனக்காரர் இதைச் செய்கிறார் என்று கேட்காதீர்கள். ஆனால் பிடிக்காமல் விட்டால் மாட்டுவது அவர்தான், அதனால் கொஞ்சம் விவரமான ஆள் குடிவந்தால் திடீரென்று ஒருநாள் வாடகை குறைவாக வரும், சண்டைக்குப் போகாதீர்கள். ‘இவருக்கு வரியே வராது, குறைவாகப் பிடித்தால் போதும்’ என்று வருமான வரித் துறையிடமே முன்கூட்டிச் சான்றிதழ் வாங்கவும் வழி இருக்கிறது, உங்கள் ஊர் ஆடிட்டரிடம் சொன்னால் விண்ணப்பிப்பார்.

(பிரிவு எண், படிவ எண் எதையும் நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. எண்கள் எல்லாம் இடம் மாறுகின்றன, இருபத்தைந்து வருடமாக மனப்பாடம் செய்ததை நானே மறுபடி படித்துக்கொண்டிருக்கிறேன்.)

ஆகவே அடுத்த லீவில் வந்ததும் முதல் வாரமே, கல்யாணம் காதுகுத்து எல்லாவற்றுக்கும் முன்னால், பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி, பான் கார்டு நகல்களோடு வங்கிக்குப் போங்கள். பழையதை என்ஆர்ஓவாக மாற்றச் சொல்லுங்கள், கூடவே புதிதாக ஒரு என்ஆர்இ கணக்கு திறங்கள். இனி அபுதாபியிலிருந்து அனுப்புவதெல்லாம் என்ஆர்இக்கு. வாடகை, பழைய எஃப்டி மாதிரி இந்தியாவில் விளைந்த பணம் என்ஆர்ஓவுக்கு. என்ஆர்இயில் வரும் வட்டிக்கு வரி கிடையாது, டிடிஎஸ் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் திருப்பி வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாம். என்ஆர்ஓவிலிருந்து எடுத்துப்போக நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர்வரை என்று வரம்பும் ஆடிட்டர் சான்றிதழும் உண்டு. அந்த வரம்பு உங்களையும் என்னையும் தொந்தரவு செய்யப் போவதில்லை, சான்றிதழ்ச் செலவு செய்யும். பான் கார்டு விஷயத்தில் மட்டும் ஒரு வேலை இருக்கிறது. வருமான வரித் தளத்தில் உங்கள் வசிப்பிட நிலையை வெளிநாட்டுவாசி என்று மாற்றியிருக்கிறீர்களா பாருங்கள். ஆதாரோடு இணைக்காததால் 2023ல் நிறைய வெளிநாட்டுவாசிகளின் பான் செயலிழந்துபோனது, விதிவிலக்கு இருந்தும், நிலையை மாற்றாமல் விட்டதால்.

அம்மாவிடம் கார்டைக் கொடுத்திருப்பதற்குப் பதிலாக என்ஆர்இயில் மனைவியையோ அம்மாவையோ இரண்டாவது பெயராகச் சேர்க்கலாம், ‘நீங்கள் இருக்கும்வரை நீங்கள், உங்களுக்குப் பிறகு அவர்’ என்ற ஏற்பாட்டில். வீட்டுச் செலவுக்கு எடுக்க அவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு உங்கள் பணத்தை அவர் இன்னொருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது, இதைக் கொஞ்சம் கீழே தோப்புக் கதையில் மறுபடி தொடுகிறேன்.

பணம் அனுப்பும் வழியைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் பணம் கைமாறும் உண்டியல் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ராத்திரி போன் செய்தால் காலையில் வீட்டுவாசலில் பணம், எக்ஸ்சேஞ்சைவிட நாலு காசு கூட. சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தப் பணத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் போவது. என் சொந்தத்தில் ஒரு சின்ன மாமா, மஸ்கட்டில் 22 வருடம் இருந்தவர், வீடு கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்டுக் கடிதம் வந்ததும் ஒரு ரெக்சின் பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். எக்ஸ்சேஞ்ச் ரசீதுகள், நூற்றுக்கணக்கில், ரப்பர் பேண்டு போட்டு வருடவாரியாகக் கட்டியிருந்தார். பிரித்தால் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். சூட்டில் அச்சாகிற அந்த ரசீதுத் தாளில் எழுத்து நாலைந்து வருடத்தில் மங்கி மறைந்துவிடும். அவருடைய நல்ல காலம், எல்லாம் வங்கிக்கே போயிருந்ததால் பழைய ஸ்டேட்மென்ட்டை வாங்கிச் சமாளித்தோம், அதற்கு ஏழு மாதம் அலைந்தோம். நீங்கள் ரசீது வாங்கியதும் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். சம்பளச் சான்று, அபுதாபி வங்கி ஸ்டேட்மென்ட் இவையும் வருடத்துக்கு ஒரு தடவை தரவிறக்கி வையுங்கள், வேலையை விட்டு வந்த பிறகு அவற்றை வாங்குவது லேசில்லை.

இனி அம்மா பேரில் உள்ள 18 லட்சம். வரிக் கண்ணோட்டத்தில் அது சுத்தம். பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர்கள் வரி கட்ட வேண்டாம், அதில் வரும் வட்டி அவர்கள் வருமானம், உங்கள் தலையில் ஏறாது. வட்டி சுமார் 1,26,000, மூத்த குடிமகளுக்கு 1 லட்சத்தைத் தாண்டினால்தான் வங்கி டிடிஎஸ் பிடிக்கும், அந்த உறுதிமொழிப் படிவத்தை அவர் தாராளமாகக் கொடுக்கலாம், அவர் இந்தியவாசி, அவருக்கு வரி வராது. (இதே 18 லட்சத்தை மனைவி பேரில் போட்டிருந்தால் வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். கணவன் கொடுத்த பணத்தில் மனைவிக்கு வரும் வருமானம் கணவனுக்கே என்பது சட்டம், பலரும் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

ஆனால் அது யார் பணம்? உங்களைக் கேட்டால் ‘என் பணம், அம்மா பேரில் போட்டிருக்கிறேன்’ என்பீர்கள். சட்டத்தைக் கேட்டால் அம்மா பணம், முற்றுப்புள்ளி. நாமினியாக உங்கள் பெயர் இருக்கலாம், நாமினி என்பவர் வங்கியிலிருந்து வாங்கிக் கையில் வைத்துக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கு. உயில் இல்லையென்றால் தம்பிக்கும் அக்காவுக்கும் அதில் பங்கு. அம்மாவுக்கென்றே மனதாரக் கொடுத்ததாக இருந்தால் அப்படியே விடுங்கள், அவர் காலத்துக்கு அது பாதுகாப்பு. ‘எனக்காகச் சேர்த்து வைத்தது’ என்று மனதில் கணக்கு இருந்தால், முதிர்வு வரும்போது பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அம்மா நடமாட்டமாக இருக்கும்போதே. இதைப் பேசச் சங்கடமாக இருக்கும் என்று தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது பேசுவதைவிடச் சங்கடம் குறைவு.

இப்போது தோப்பு.

உங்கள் பேரில் முடியாது. பணம் இருக்கிறது, விருப்பம் இருக்கிறது, பத்திர ஆபீசில்கூட யாரும் தடுக்காமல் பதிந்துவிடலாம், ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்கக் கூடாது என்று ஃபெமா சொல்கிறது. வீடு, மனை, கடை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். அப்பா வழியில் வாரிசாக வருகிற வயல் பிரச்சினையில்லை. விலைக்கு வாங்குவதுதான் கூடாது. தென்னந்தோப்பு, மாந்தோப்பு, நஞ்சை, புஞ்சை எல்லாம் இதில் அடக்கம்.

தம்பி பேரில்? இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தேன். உங்கள் பணம், தம்பியின் தனிப்பெயர், மனதுக்குள் ‘இது என் தோப்பு’ என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குச் சட்டத்தில் ஒரே ஒரு பெயர், பினாமி. 2016ல் திருத்திய பிறகு அந்தச் சட்டத்துக்குப் பல் முளைத்துவிட்டது. சொத்தைப் பறிமுதல் செய்யலாம், ஒரு வருடத்திலிருந்து ஏழு வருடம்வரை சிறை, சொத்தின் சந்தை விலையில் கால் பங்குவரை அபராதம். அதையும் தாண்டி ஒன்று இருக்கிறது. நாளைக்குத் தம்பியோ அவர் மனைவியோ ‘இது எங்கள் தோப்பு’ என்று சொன்னால், ‘என் பணத்தில் வாங்கியது, திருப்பிக் கொடு’ என்று நீங்கள் வழக்கே போட முடியாது, அப்படிக் கேட்கும் உரிமையையே சட்டம் எடுத்துவிட்டது. மனைவி, பிள்ளைகள் பேரில் கணக்கில் வந்த பணத்தில் வாங்கினால் பினாமி ஆகாது என்று விலக்கு உண்டு. அம்மா, அப்பா, தம்பி, அக்கா என்றால் பத்திரத்தில் உங்கள் பெயரும் சேர்ந்திருந்தால்தான் அந்த விலக்கு. சேர்த்துப் போடலாமே என்பீர்கள். விவசாய நிலப் பத்திரத்தில் உங்கள் பெயர் ஏறக்கூடாது என்று மேலேதான் பார்த்தோம். இரண்டு சட்டமும் சேர்ந்து அந்த வாசலைச் சாத்திவிட்டன. அம்மாவிடம் சொல்லும்போது தம்பியை நம்பவில்லை என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ‘ஆடிட்டர் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பழியை என் மேல் போட்டுவிடுங்கள், அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம்.

அம்மாவுக்கு நிஜமாகவே அன்பளிப்பாகக் கொடுத்து அவர் தனக்காக வாங்கினால் சட்டப்படி சரி. அப்போது அது அம்மாவின் தோப்பு, 18 லட்சத்துக்குச் சொன்ன கதைதான், மூன்று பங்கு.

மிச்சம் மனைவி. இது நடக்கிற வழி. அவர் ஊரில் வசிக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன், அபுதாபியில் உங்களோடு குடும்ப விசாவில் இருந்தால் அவருக்கும் உங்களுக்குள்ள தடைதான். உங்கள் என்ஆர்இ கணக்கிலிருந்து அவர் சேமிப்புக் கணக்குக்கு நீங்களே மாற்றுங்கள், அதிகாரம் எழுதிக் கொடுத்தவரைக் கொண்டு மாற்ற முடியாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். ‘என் மனைவிக்கு இன்ன தேதியில் இவ்வளவு அன்பளிப்பு’ என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். கணவன் கொடுக்கும் அன்பளிப்புக்கு அவர் வரி கட்ட வேண்டாம். தேங்காய் விற்ற காசு விவசாய வருமானம், அதற்கு மத்திய வருமான வரி இல்லை, ஆகவே எஃப்டி வட்டியில் சொன்ன ‘கணவன் தலையில் ஏறும்’ சிக்கல் இங்கே கடிக்காது. தோப்பு நகராட்சி எல்லையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் கேட்டு வையுங்கள். மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தாண்டாத பேரூராட்சி, நகராட்சி என்றால் இரண்டு கிலோமீட்டருக்கு வெளியே இருந்தால் அது கிராமப்புற விவசாய நிலம், பின்னால் விற்றாலும் லாபத்துக்கு வரி வராது.

என்னைக் கேட்டால் அவசரப்படாதீர்கள் என்றுதான் சொல்வேன். 2027 கடைசியில் ஊரோடு தங்கிவிடும் எண்ணத்தில் நீங்கள் வந்து இறங்கினால், ஃபெமாவின் பார்வையில் அப்போதே இந்தியவாசி, அதற்கப்புறம் உங்கள் பெயரிலேயே ஜம்மென்று தோப்பு வாங்கலாம். ஒன்றரை ஏக்கர் தோப்பு பட்டுக்கோட்டையில் அப்போதும் விலைக்கு வரும். வருகிற தோப்பு அவ்வளவு நல்ல தோப்பு, விட மனமில்லை என்றால் மனைவி பேரில் வாங்குங்கள், ஆனால் 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அதில் எத்தனை மரம் விழுந்தது, அப்புறம் வைத்த கன்று நெட்டையா குட்டையா, எத்தனை காய்க்கிறது என்று லீவில் வந்து நீங்களே நடந்து எண்ணிப் பார்த்த பிறகு. வாட்ஸாப்பில் வரும் வீடியோவில் எல்லாத் தோப்பும் பச்சையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ‘பத்திரத்தில் 18 போடலாம், மீதி 12 கையில் கொடுத்துவிடுங்கள்’ என்று தரகர் கட்டாயம் சொல்வார். சிந்தித்துப் பாருங்கள், ஐம்பது டிகிரி வெயிலில் மொட்டைமாடியில் நின்று ஏசி மாட்டிச் சம்பாதித்த, ஒவ்வொரு ரூபாய்க்கும் வங்கிச் சான்று உள்ள வெள்ளைப் பணத்தை நீங்கள் மெனக்கெட்டுக் கறுப்பாக்கி இன்னொருவருடைய வரியை மிச்சம் பிடித்துக் கொடுக்க வேண்டும். நிலம் விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே தொகை அபராதம் என்று அவரிடமும் சொல்லி வையுங்கள்.

திரும்பி வரும் விஷயத்துக்கு வருகிறேன், இதில் மாதம் முக்கியம். 2027 அக்டோபருக்குப் பிறகு வந்து, அந்த நிதியாண்டில் முன்னால் எடுத்த லீவு நாட்களையும் கூட்டி இந்தியாவில் இருந்தது மொத்தம் 182 நாளுக்குக் கீழே அடங்கினால், 2027-28லும் நீங்கள் வெளிநாட்டுவாசியே. ஊருக்கே திரும்புகிற வருடத்துக்கு 60 நாள் தங்கினாலே இந்தியவாசி என்று யாராவது பயமுறுத்தினால், அது முந்தைய நாலு வருடத்தில் 365 நாள் இந்தியாவில் இருந்தவர்களுக்கு, உங்களுக்கு நாலு நாற்பது நூற்றறுபதுதான். அதற்கப்புறம் இரண்டு நிதியாண்டுகள் ‘வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்லர்’ என்று ஒரு விசித்திரப் பெயரில் இருப்பீர்கள், அந்தக் காலத்தில் அபுதாபியில் மிச்சம் வைத்த பணத்துக்கு வரும் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. 2030-31லிருந்து நீங்களும் என்னைப் போல முழு இந்தியவாசி, அப்போது அபுதாபி வங்கியில் 500 திர்ஹாம் கிடந்தாலும் வருமானவரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் 10 லட்சம் அபராதம் என்று 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டம் சொல்கிறது, வீடு நிலம் தவிர்த்த சொத்துக்கள் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபரிலிருந்து அந்த அபராதத்துக்கு விலக்கு. தேவையில்லாத கணக்கை மூடிவிட்டு வருவது உத்தமம். கிரெடிட் கார்டு, பர்சனல் லோன் பாக்கியையும் தீர்த்துவிட்டு வாருங்கள். ‘விமானம் ஏறிவிட்டால் அவன் என்ன செய்வான்’ என்ற பழைய கதை இப்போது இல்லை, அமீரக நீதிமன்றத் தீர்ப்புகளை இந்திய நீதிமன்றம் மூலமாகவே நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் அறிவிக்கை வந்துவிட்டது.

வந்து இறங்கியதும் வங்கியில் சொல்லி என்ஆர்இயைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். வரியில்லா வட்டி அதோடு நின்றுவிடும். சொல்லாமல் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு ‘வங்கி டிடிஎஸ் பிடிக்கவில்லையே’ என்று கேட்பவர்களை வருடத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டி எவ்வளவு வரும் என்று நீங்கள் கேட்கவே இல்லை, ஆச்சரியம். மொத்தச் சம்பளத்தில் அல்ல, பேசிக்கில்தான் கணக்கு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் வருடம் 30 நாள். 4,500ஐ 30ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 150 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு 15,750. 2027 கடைசியில் பன்னிரண்டு வருடம் முடிந்திருக்கும், மீதி ஏழு வருடத்துக்கு 31,500. ஆக 47,250 திர்ஹாம், கடைசி மாதங்களில் பேசிக் ஏறினால் மொத்தத்துக்கும் ஏறும். கம்பெனி நீட்டும் கடைசிக் கணக்குத் தாளில் கையெழுத்துப் போடும் முன் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேரடியாக இந்தியக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாமல், அபுதாபிக் கணக்கிலேயே வாங்கி, பிறகு என்ஆர்இக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள். தோப்புக்குச் சொட்டுநீர் போட அது போதும்.

தங்கம்: ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு வரும் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம், நகையாக மட்டும். காசும் பிஸ்கட்டும் இந்தச் சலுகையில் வராது, ஒரு கிராம் என்றாலும் விமான நிலையச் சுங்கத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். கூட வரும் நண்பர் ‘இந்தச் செயினை மட்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு வா, திருச்சியில் என் மச்சான் வாங்கிக்கொள்வான்’ என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.